முப்பத்தெட்டா, அறுபத்தெட்டா?

வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை அறியாதவர் இருக்க முடியாது. முதியவர்கள் அதை இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்திலிருந்து வளர்ந்ததால் வந்த பெயர் அது. துறைமுகத்தில் அடிபட்டவரும் காசிமேட்டு மீனவரும் எண்ணூர்த் தொழிலாளியும் நாடி வரும் அந்த இடத்தில், 1938 முதல் மருத்துவக் கல்லூரியும் நடைபெறுகிறது.

திருவொற்றியூரில் ஓர் அரசுப் பள்ளியில் படித்த நீங்கள் அக்கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இது வெறுங் கனவன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020-இல் கொண்டுவந்தது. முதலாண்டில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என மூன்றே பாடங்கள். மூன்றுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! மனித உடலில் எலும்புகள் மட்டும் 206. எந்தத் தசை எந்த எலும்பில் தொடங்கி எங்கே சேர்கிறது, எந்த நரம்பு அதை இயக்குகிறது என்பதையெல்லாம் அறிய வேண்டும். வகுப்பும் செய்முறையும் முடிந்து வீடு சேர்ந்தால், படிக்க எஞ்சுவது மூன்று மணி நேரம். அதை எப்படிச் செலவிடுவீர்கள்?

பள்ளியில் பலருக்கும் கைகொடுத்த வழி ஒன்றுண்டு. தேர்வுக்கு முன் சில இரவுகள் கண்விழித்து, திரும்பத் திரும்ப வாசிப்பது. இது எவ்வளவு தூரம் பயன்படும்?

ஜெர்மன் அறிஞர் எபிங்ஹாஸ் இதைத் தம்மீதே சோதித்துப் பார்த்தார். பொருளற்ற அசைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கி மனப்பாடம் செய்தார். 1885-இல் வெளியான அவரது நூலில் ஒரு கணக்கு வருகிறது. ஒரே நாளில் 68 முறை ஓதிய பயன், மூன்று நாட்களில் பிரித்து ஓதியபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. ஏறத்தாழப் பாதி உழைப்பு மிச்சம்!

ஏன் இப்படி? இப்போதுதான் படித்ததை உடனே மீண்டும் படித்தால் மூளைக்கு வேலையே இல்லை. ஓரிரு நாள் கழித்து, சற்று மறந்த நிலையில் திரும்ப வந்தால் அதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தேடல் நினைவை உறுதியாக்குகிறது. இடையில் வரும் உறக்கமும் வீணன்று. பகலில் கற்றவற்றை நிலைப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கிறது. கண்விழித்துப் படிப்பவர் இந்த வேலையைத்தான் நிறுத்திவைக்கிறார்.

இன்னொரு சோதனை இன்னும் சுவையானது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் ஒரு பகுதியைப் படிக்கத் தந்தனர். ஒரு குழு நான்கு தடவையும் படித்தது. மற்றொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், படித்துக்கொண்டே இருந்த குழு 83 சதவீதம், எழுதிப் பார்த்த குழு 71 சதவீதம். ஒரு வாரம் சென்றதும் நிலைமை தலைகீழ்: முன்னதற்கு 40, பின்னதற்கு 61!

மருத்துவ மாணவருக்கு இது வெறும் மதிப்பெண் விஷயமன்று. துறைமுகத் தொழிலாளி ஒருவர் கையை ஊன்றி விழுந்து வருகிறார். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் ஸ்கேஃபாய்டு என்பது முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பெருவிரலின் அடியில் உள்ள குழிவை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்கு அப்போது தோன்ற வேண்டும். தவறவிட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகவும் கூடும். சுமை தூக்கிப் பிழைப்பவருக்குக் கைதானே முதல்? அந்த எலும்பைப் பற்றி டாக்டர் படித்தது முதலாண்டில். தொழிலாளி வருவதோ பல ஆண்டுகள் கழித்து!

சரி, பிரித்துப் படிக்க அட்டவணை போடலாம் என்கிறீர்களா? அங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1994-இல் கனடாவில் ப்யூலரும் உடன் ஆய்வாளர் இருவரும், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரி விடை 34 நாள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல்! எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றே மனம் கணக்குப் போடுகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை எந்த அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை.

அமெரிக்காவில் பிரிட்டன், டெஸ்ஸர் என்போர் 90 மாணவர்களின் நேரப் பழக்கங்களைக் குறித்துவைத்து, நான்காண்டுகள் கழித்து அவர்களது மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு 1991-இல் வெளியிட்டனர். நாள், வார அளவில் திட்டமிட்டவர்களும், நேரம் தம் கையில் இருப்பதாக உணர்ந்தவர்களும் அதிக மதிப்பெண் பெற்றிருந்தனர். நீண்டகாலத் திட்டத்திற்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆனால் இவை மாணவர்கள் தாமே சொன்ன விடைகள். நன்றாகப் படிப்பவருக்கு நேரம் கையில் இருப்பதுபோல் தோன்றுவதும் இயல்புதானே? எது காரணம், எது விளைவு என்பதை இந்த ஆய்வு ஒன்றே தீர்த்துவிடாது.

ஆகவே ஆறு மாதத்திற்கு வண்ண வண்ணமாக அட்டவணை வரைவதைவிட இந்த வாரத்திற்கு மட்டும் எழுதுவது மேல் என்பேன். திங்களன்று மணிக்கட்டு எலும்புகளைப் படித்தால், புதனன்று பத்து நிமிடம், அடுத்த திங்களன்று பத்து நிமிடம் என்று அவற்றுக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு மாலையைக் காலியாக விடுங்கள். நின்றுபோனவை அங்கே வந்து சேரும். அந்தப் பத்து நிமிடத்துக்கு மேசையும் விளக்கும்கூட வேண்டாம். திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே எட்டு எலும்புகளையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஆறுதான் வந்ததா? விட்டுப்போன அந்த இரண்டிலிருந்து இன்றிரவு தொடங்கலாம்.