லிங்கன் கேட்ட ஆலோசனை

அமெரிக்க அடிமைகளின் விடுதலைக்கு வழி வகுத்தவர் ஆபிரகாம் லிங்கன் என்று சரித்திரப் பாடத்தில் படிக்கிறோம். அந்த முடிவை எடுக்குமுன் அவர் யாரைக் கேட்டார், எதைக் கேட்டார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

1862-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள். உள்நாட்டுப் போர் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது. தென் மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்டைப் பிடிக்கச் சென்ற வட மாநிலப் படை பின்வாங்கியிருந்தது. அந்த வேளையில் லிங்கன் தம் அமைச்சர்களை அழைத்து, தாம் எழுதிய பிரகடனம் ஒன்றைப் படித்துக் காட்டினார். கிளர்ச்சி செய்யும் மாநிலங்களிலுள்ள அடிமைகள் அடுத்த ஜனவரி முதல் நாளிலிருந்து சுதந்திர மக்கள் என்றது அது. விடுவிப்பதா வேண்டாமா என்று கேட்பதற்காக அவர்களை அழைக்கவில்லை என்றும், அதைத் தாம் தீர்மானித்துவிட்டதாகவும், முழுவதும் கேட்டபின் யோசனை கூறலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்படியானால் ஆலோசனை வெறும் ஒப்புக்குத்தானே என்று நாம் நினைக்கலாம். ஆனால் அவர் கூட்டிவைத்திருந்தவர்கள் தலையாட்டும் மனிதர்கள் அல்லர். வெளிநாட்டு அமைச்சர் சீவர்ட், நிதி அமைச்சர் சேஸ், அரசின் தலைமை வழக்கறிஞர் பேட்ஸ் ஆகிய மூவருமே 1860-இல் கட்சியின் வேட்பாளராக லிங்கனோடு போட்டியிட்டவர்கள்!

தபால் துறையைக் கவனித்த பிளேர், இதனால் வரும் தேர்தலில் கட்சிக்கு நஷ்டம் ஏற்படும் என்று எச்சரித்தார். அவ்வாறே அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி பல இடங்களை இழந்தது. எனினும் லிங்கன் இதையெல்லாம் முன்பே எண்ணிப் பார்த்துத் துணிந்திருந்தார். சரியான எச்சரிக்கை என்பதற்காக அதை ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை போலும்.

அவர் எண்ணிப் பாராத ஒன்றைச் சொன்னவர் சீவர்ட். தோல்வி மேல் தோல்வி வரும் இந்நேரத்தில் இதை வெளியிட்டால், களைத்துப்போன அரசின் கடைசி அபயக் குரல் என்றே உலகம் எண்ணும். ஒரு வெற்றி கிடைக்கும்வரை பொறுங்கள் என்றார். லிங்கன் தாளை மடித்து வைத்துவிட்டார்.

காத்திருப்பது எளிதாக இல்லை. ஆகஸ்டு இறுதியில் மற்றொரு தோல்வி வந்தது. செப்டம்பர் 17-இல் மேரிலாந்து மாநிலத்து ஆண்டீட்டம் என்னுமிடத்தில், ஒரே நாளில் இரு தரப்பிலுமாக 22,000-க்கு மேற்பட்டோர் மாண்டும் காயமுற்றும் காணாமற்போயும் மறைந்தபின், தென்னவர் படை பின்வாங்கியது. முழு வெற்றி அன்று. ஆயினும் போதும் என்று கருதினார் லிங்கன். ஐந்து நாட்களில் பிரகடனம் வெளிவந்தது. அதில் அம்மக்களின் விடுதலையை அரசு ‘ஏற்கும்’ என்று மட்டுமே அவர் எழுதியிருந்தார். ‘ஏற்றுக் காக்கும்’ என்று இருக்கட்டும் என்றார் சீவர்ட். காக்க முடியுமா என்ற நிச்சயம் இல்லாமல் வாக்குக் கொடுக்க லிங்கன் தயங்கினார். சீவர்ட் விடவில்லை, அச்சொல்லும் சேர்ந்தது.

ஆனால் ஒன்றை நாம் மறைக்கலாகாது. அந்த இரண்டு மாதக் காத்திருப்பின் சுமை யார்மீது விழுந்ததோ, அவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1864 ஆகஸ்டில், அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸை லிங்கன் வரவழைத்தார். தென் மாநிலங்களில் இன்னும் சிக்கியிருந்தோரை எப்படி வெளிக்கொணரலாம் என்று யோசனை கேட்டார். இடையில் ஒரு மாநில ஆளுநர் வந்து காத்திருப்பதாகச் செய்தி வந்தது. அவரைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டு லிங்கன் பேச்சைத் தொடர்ந்ததை டக்ளஸ் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தேர்தல் நெருங்கிய அந்நாளில், அடிமை ஒழிப்புக்காகவே போரை நீட்டிக்கிறார் என்று குறை கூறியோருக்குப் பதிலாகத் தாம் எழுதி வைத்திருந்த கடிதத்தையும் அவரிடம் படித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டார் லிங்கன். அடிமை ஒழிப்பையே தாங்கள் கைவிட்டதாக மக்கள் பொருள் கொள்வார்கள், வேண்டாம் என்றார் டக்ளஸ்.

அக்கடிதம் அனுப்பப்படவே இல்லை.