வாலெட்டா நகரில் ஒரு பழைய வீடு

மத்தியதரைக் கடலின் நடுவே, ஸிஸிலிக்குத் தெற்கில், பூகோளப் படத்தில் கடுகளவாகத் தோன்றும் தீவு மால்ட்டா. அதன் தலைநகரமாகிய வாலெட்டா ஒரு பாறை முனையின்மீது அமைந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். 1565ஆம் ஆண்டில் துருக்கியரின் பெருமுற்றுகையைத் தாங்கி நின்ற யோவான் சபை வீரர்கள், அடுத்த ஆண்டு மார்ச்சு 28ஆம் தேதி இந்நகரத்துக்கு அஸ்திவாரம் இட்டார்கள். சபைத் தலைவர் லா வாலெட்டின் பெயரே நகரத்தின் பெயராயிற்று.

இங்கே பழைய வீடுகள் பல, ஏழெட்டு அறைகளே கொண்ட சிறு விடுதிகளாக மாறியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நாம் நான்கு நாட்கள் தங்கினோம். பெரிய ஹோட்டலில் தங்குவோர் ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாம். ஊர் எவ்விதம் குடித்தனம் நடத்திற்று என்று அறிய விரும்புவோருக்கு இத்தகைய வீடே தக்க இடம்.

வீட்டின் முகப்பு, தேன் நிறமான சுண்ணாம்புக் கல்லால் ஆகியது. வெட்டும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டபின் மேலே கெட்டிப்படும் கல் அது. மால்ட்டா முழுவதும் இக்கல்லில் எழுந்ததுதான். முதல் மாடியில், பச்சை வர்ணம் பூசிய மரப் பலகணி ஒன்று தெருவை நோக்கி நீண்டு நிற்கிறது. நாற்புறமும் கண்ணாடி அடைத்த அப்பலகணியில் உட்கார்ந்தால், நாம் தெருவைக் காணலாம். தெருவில் செல்வோர் நம்மைக் காண்பது அரிது. உள்ளே சிறிய முற்றமும், தேய்ந்து குழிந்த கற்படிகளும் இருக்கின்றன. மின்தூக்கி கிடையாது. மூன்றாம் மாடியில் அறை பெறுவோர் மூட்டை முடிச்சுகளைக் குறைத்துக்கொண்டு வருவது நலம்.

முற்றத்தின் மூலையில் ஓர் இரும்பு மூடி கண்டோம். விடுதியை நடத்தும் அம்மையார் அதைத் தூக்கிக் காட்டினார். கீழே பாறையைக் குடைந்து செய்த தொட்டி. மால்ட்டாவில் நதி என்பதே இல்லை. ஆண்டு முழுதும் பெய்யும் மழை சுமார் 550 மில்லிமீட்டர். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்துவிடும். ஆகவே நகரத்தை நிர்மாணித்தவர்கள், வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் மழைநீர்த் தொட்டி அமைக்க வேண்டுமென்றும், கழிவு நீரை நகரச் சாக்கடையோடு இணைக்க வேண்டுமென்றும் விதி செய்தார்கள். தன் வீட்டுக்கு வேண்டிய நீரைச் சேமிப்பது ஊருக்குச் செய்யும் கடமை என்பது அவர்கள் கருத்து. முற்றுகையைக் கண்டவர்கள் அல்லவா?

அம்மையார் அத்தொட்டியைத் தம் மொழியில் "பீர்" என்றார். காலையில் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, ஒலிவ எண்ணெய் வார்த்து, உப்பும் கேப்பர் மொட்டுகளும் தூவித் தந்தார். ரொட்டிக்கு "ஹொப்ஸ்", எண்ணெய்க்கு "ஸெய்த்" என்று பெயர். யாவும் அரபு மொழியின் வழிவந்த சொற்கள். ஆயினும் மால்ட்டீஸை எழுதுவது ரோமன் எழுத்தில். எத்தனையோ காலம் நியாயஸ்தலத்திலும் கல்விச் சாலையிலும் கோலோச்சியது இத்தாலியமே. பின்னர் ஆங்கிலம் வந்தது. அடுப்பங்கரையிலும் படகுத் துறையிலும் வாழ்ந்த தாய்மொழி 1934ஆம் ஆண்டிலேதான் அரசாங்க மொழி என்ற பதவியைப் பெற்றது. தாய்மொழிக்காக உழைப்போர் மனம் தளர வேண்டியதில்லை என்பதற்கு இக்காலை உணவே சாட்சி.

நம் தேசத்தாருக்கும் மால்ட்டா முற்றிலும் அந்நியமன்று. விடுதலை வேட்கை கொண்ட தேவபந்து மௌலானா மஹ்மூத் ஹஸனையும் அவருடைய சீடர் ஹுஸைன் அஹ்மத் மதனியையும் ஆங்கில அரசாங்கம் 1917 முதல் 1920 வரை இங்கேதான் காவலில் வைத்திருந்தது. எகிப்தியத் தலைவர் ஸாத் ஸக்லூலும் 1919இல் இங்கே நாடுகடத்தப்பட்டார். பிறர் சுதந்திரத்தை அடைத்துவைக்கப் பயன்பட்ட இத்தீவு, 1964ஆம் ஆண்டில் தானும் சுதந்திரம் பெற்றது. கடைசி ஆங்கிலத் துருப்பு வெளியேறியது 1979 மார்ச்சில்.

இரண்டாம் உலக யுத்தத்தில் வாலெட்டா குண்டுகளால் பட்ட பாடு கொஞ்சமன்று. தப்பிப் பிழைத்த வீடுகளையோ வேறு இரண்டு சங்கடங்கள் பிடித்துக்கொண்டன. ஒன்று, வாடகைக் கட்டுப்பாடு. வாடகை உயராததால் குடியிருந்தோர் நிம்மதியாக இருந்தனர். வீட்டுக்காரர் பழுது பார்க்க மனம் கொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டுக்குப் பின் ஏற்பட்ட குடிக்கூலி ஒப்பந்தங்களுக்கே இத்தளை நீங்கிற்று. மற்றொன்று, நமக்கு நன்கு தெரிந்த பாகப்பிரிவினை. ஒரு வீட்டுக்குப் பல வாரிசுகள். அனைவரும் ஒப்பாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு. பூட்டிய வீட்டில் மழை புகும். பலகணி உளுத்து விழும்.

வாலெட்டாவை 1980இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். 2018இல் அது ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம் என்ற கௌரவத்தைப் பெற்றது. அதையொட்டி முதலாளிகள் வந்தார்கள். பாழடைந்த வீடுகள் விடுதிகளாயின. கல்தச்சர்களுக்கும் மரத்தச்சர்களுக்கும் வேலை கிடைத்தது. நாம் தங்கிய வீடும் அவ்வாறு பிழைத்ததே. இதைக் குறை கூறுவது நன்றிகேடாகும்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரில் 20,000 பேருக்கு மேல் வசித்தார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 6,000 பேர்கூட இல்லை. வீடுகள் சிதைந்ததும் வசதி தேடியதும் முன்பே பலரை வெளியே அனுப்பின. இப்போது ஏறிவிட்ட வாடகை எஞ்சியோரையும் நெருக்குகிறது. பகலில் தெரு கொள்ளாத கூட்டம். இரவில் பலகணியில் அமர்ந்து பார்த்தால், வரிசையாகச் சில வீடுகளில் விளக்கே இல்லை. விளக்குள்ள ஜன்னல்களிலும் நம்மைப் போன்ற வழிப்போக்கர்களே. எதிர் வீட்டு மூதாட்டி ஒருவர் மாத்திரம் மாலைதோறும் கயிற்றில் கூடையைத் தெருவுக்கு இறக்கி ரொட்டி வாங்கிக்கொண்டார். அக்கூடை இறங்கும்வரை அது ஊர். நின்றுபோனால் அது கண்காட்சி.

நம் நாட்டிலும் இக்கேள்வி வந்துவிட்டது. செட்டிநாட்டு மாளிகைகள் சில விடுதிகளாகிப் பிழைத்திருக்கின்றன. இன்னும் பல, பங்காளிகளின் சம்மதத்துக்காகப் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும். அப்பணத்தை விருந்தினர் தரலாம். அண்டை வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால், அதற்கு ஊராரும் அரசாங்கமும் சட்டம் செய்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு வீட்டின் கீழும் நீர்த்தொட்டி வேண்டுமென்று விதித்த பழைய வாலெட்டாவுக்கு அந்த யோசனை இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் குடிமக்கள் வேண்டுமென்று விதிப்பது இந்தத் தலைமுறையின் பொறுப்பு.