ஊர் வீட்டு இன்வெர்ட்டருக்கு லித்தியம் பேட்டரி: மாற்றும் முன் போட வேண்டிய கணக்கு என்ன?

கடலூர், சிதம்பரம் பக்கம் சொந்த ஊர் இருப்பவர்களுக்கு நவம்பர் வந்தாலே ஒரு பழக்கம் உண்டு. புயல் எச்சரிக்கை வந்ததும் வீட்டுக்கு போன் போட்டு, "கரன்ட் இருக்கா? இன்வெர்ட்டர் எவ்ளோ நேரம் தாங்கும்?" என்று கேட்பார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. நெய்வேலியில் மின்சாரம் தயாராகும் அதே மாவட்டத்தில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பிறகு 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல்.

இப்போது அந்த போன் பேச்சில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "பழைய பேட்டரியைத் தூக்கிட்டு லித்தியம் போட்டுடலாமா?" போடலாம். ஆனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் வேலை முடியாது.

செல்போனில் இருக்கும் அதே லித்தியமா?

இல்லை. வீட்டு இன்வெர்ட்டருக்குப் பொதுவாக வருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. பெரும்பாலான போன்களில் இருக்கும் கோபால்ட் வகையைவிட இது சூட்டைத் தாங்கும். தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. 1990-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு உருவாக்கிய வேதியியல் இது. 2019-ல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவர், தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி ஆறுமுகம் மந்திரம்.

150 ஏஎச் பெரிதா, 100 ஏஎச் பெரிதா?

கடையில் பலர் குழம்பும் இடம் இதுதான். 12 வோல்ட், 150 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1,800 வாட் அவர். ஆனால் அடிக்கடி பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆக, நிம்மதியாக எடுக்கக்கூடியது சுமார் 900.

12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியத்தில் 1,280 வாட் அவர். இதில் 90 சதவீதம் வரை எடுக்கலாம். கையில் கிடைப்பது சுமார் 1,150. எண் சிறியது, பலன் பெரியது.

அப்படியானால் எத்தனை மணி நேரம் ஓடும்?

இரண்டு சாதாரண ஃபேன் 150 வாட், மூன்று எல்இடி பல்பு 30 வாட், வைஃபை ரூட்டர் 10 வாட். மொத்தம் 190. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 220 வாட் போகும். பழைய பேட்டரியில் 4 மணி நேரம். லித்தியத்தில் 5 மணி நேரம் சொச்சம்.

"இதுக்கா இவ்ளோ செலவு?" என்று தோன்றுகிறதா? இப்போது ஃபேனை மட்டும் மாற்றிப் பாருங்கள். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் இரண்டு போட்டால் மொத்தச் சுமை சுமார் 118 வாட்டாக இறங்கிவிடும். அதே பழைய பேட்டரி ஏழரை மணி நேரம் தாங்கும். அதாவது, பேட்டரியை மாற்றிக் கிடைக்கும் நேரத்தைவிட ஃபேனை மாற்றிக் கிடைக்கும் நேரம் அதிகம். இரண்டையும் மாற்றினால் ஒரு முழு இரவைத் தாண்டலாம்.

பிறகு லித்தியம் எதற்கு?

புயல் ஊருக்கு அது பொருந்த மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, லெட் ஆசிட் பேட்டரி காலியாகவோ அரைகுறை சார்ஜிலோ பல நாள் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுவிடும். நான்கு நாள் கரன்ட் இல்லாத ஊரில் நடப்பது இதுதான். லித்தியத்துக்கு அரைகுறை சார்ஜ் பிரச்சினையே இல்லை.

இரண்டு, எடை. 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், தரையில்தான் இருக்கும். வெள்ளம் வந்தால் வயதானவர்கள் எப்படித் தூக்குவார்கள்? 100 ஏஎச் லித்தியம் சுமார் 12 கிலோதான். உறுதியான அலமாரியில் உயரமாக வைத்துவிடலாம்.

மூன்று, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. அப்பா, அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல.

பழைய இன்வெர்ட்டரே போதுமா?

இங்கேதான் கவனம் தேவை. நான்கு செல் கொண்ட எல்எஃப்பி பேட்டரியின் சார்ஜ் உச்சவரம்பு 14.6 வோல்ட். லெட் ஆசிட்டுக்காக அமைத்த சில இன்வெர்ட்டர்கள் டியூபுலர் மோடில் அதைத் தாண்டும். அப்போது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்டான பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சார்ஜ் முழுவதும் தீர்ந்து பிஎம்எஸ் பேட்டரியை மூடிவிட்டால், சில பழைய இன்வெர்ட்டர்கள் கரன்ட் வந்த பிறகும் 'பேட்டரியே இல்லை' என்று நினைத்துச் சார்ஜ் ஏற்றாது. நீங்கள் சென்னையில், அம்மா சிதம்பரத்தில் இருட்டில்.

ஆகவே வாங்கும் முன் நான்கு கேள்விகள்:

1. இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருக்கிறதா? இல்லையென்றால், அந்த மாடலுக்கு லித்தியம் சரிவருமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும்? 700 வாட் இன்வெர்ட்டர் முழுச்சுமையில் 60 ஆம்புக்கு மேல் இழுக்கும்.

3. சார்ஜர் எத்தனை ஆம்ப்? "லித்தியம் சீக்கிரம் ஏறும்" என்பது உண்மைதான். ஆனால் சார்ஜர் 15 ஆம்ப் என்றால் 100 ஏஎச் நிரம்ப எப்படியும் 7 மணி நேரம் ஆகும்.

4. பேட்டரி பக்கத்தில் டிசி ஃபியூஸ் போட்டுத் தருவார்களா?

பழைய லெட் ஆசிட்டோடு புது லித்தியத்தை ஒன்றாக இணைக்கவே கூடாது. இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயில் தெரியும் பேட்டரி அளவையும் நம்ப வேண்டாம். லித்தியத்தின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்று, திடீரென்று விழும்.

கேம்பர் வேனுக்கும் இதே கணக்கா?

அடிப்படை ஒன்றுதான். ஆனால் லித்தியம் நேரடியாக இணைந்தால் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி ஆம்ப் இழுத்து அதைச் சூடாக்கும். நடுவில் டிசி-டிசி சார்ஜர் அவசியம். பிச்சாவரம் போக இது போதும். லடாக் போவதாக இருந்தால் இன்னொன்று: 0 டிகிரிக்குக் கீழே எல்எஃப்பி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும். தெருவில் வருபவரிடம் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்ச் கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்ப்பது தயாரிப்பாளர்களின் பொறுப்பு.

சரி, எதை முதலில் செய்யலாம்?

பழைய பேட்டரி இன்னும் நன்றாக இருந்தால் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பேட்டரி ஆயுள் முடிந்த பிறகு, இன்வெர்ட்டரைச் சரிபார்த்து லித்தியத்துக்குப் போகலாம். ஆனால் தானே மாதிரி ஒரு புயல் வந்தால் எந்த பேட்டரியும் மறுநாள் காலைக்குள் தீர்ந்துவிடும். அடுத்த நாளையும் ஓட்ட வேண்டுமானால், மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனலும், காற்றில் பறக்காதபடி அதை இறுக்கிக் கட்டிய ஸ்டாண்டும் வேண்டும்.