உயரமான தேவாலயம் எது? ஒரே பதில் இல்லை

வட, தென் அமெரிக்கக் கண்டங்களிலேயே மிக உயரமான தேவாலயம் எது? வினாடி வினாப் போட்டியில் இந்தக் கேள்வி வந்தால் என்ன பதில் எழுதுவீர்கள்? 'பிரேசிலின் மாரிங்கா பேராலயம்' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 'சிகாகோ டெம்பிள்' என்று எழுதியவரும் எழுந்து நின்று வாதாடலாம். நடுவர் திணறித்தான் போவார்.

காரணம் எளிது. எதைத் தேவாலயம் என்று கணக்கில் எடுக்கிறோம், அளவுகோலை எங்கே வைத்து எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசை மாறிவிடும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இந்தக் கட்டடங்களின் உயரம் மட்டும்தான் பட்டியலில் இருக்கும். அந்த உயரத்தை எட்ட ஓர் ஊர் என்ன பாடுபட்டது, எதைப் பணயம் வைத்தது என்பதெல்லாம் பட்டியலில் இருக்காது. அப்படிச் சில கதைகளை இந்த வாரம் பார்ப்போம்.

விண்கலக் காலத்தின் கூம்பு

பிரேசிலின் பரானா மாநிலத்தில் உள்ள மாரிங்கா, வயதில் மிக இளைய நகரம். 1947இல்தான் உருவானது. காட்டை அழித்துக் காப்பித் தோட்டங்கள் போட வந்தவர்கள் குடியேறிய ஊர் அது. பத்தே ஆண்டுகளில் அதற்கென ஓர் ஆயர் வந்தார். பெயர் ஜைமே லூயிஸ் கோயெல்யூ. 1957ஆம் ஆண்டுதான் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. உலகமே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆயருக்கும் அந்த ஆர்வம் தொற்றிக்கொண்டது.

கட்டடக் கலைஞர் ஜோசே அவுகுஸ்தோ பெலூச்சி வரைந்து கொடுத்த பேராலயம், ஏவத் தயாராக நிற்கும் ராக்கெட்போல ஒரே கூம்பாக இருந்தது. 1959இல் தொடங்கிய வேலை 1972இல் முடிந்தது. கூம்பு 114 மீட்டர். உச்சியில் உள்ள சிலுவை 10 மீட்டர். மொத்தம் 124 மீட்டர். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம்மூரின் 40 மாடி அடுக்குமாடிக் கட்டடத்தைவிட இது உயரம். தென் அமெரிக்காவிலேயே மிக உயரமான தேவாலயம் இதுதான்.

இவ்வளவு உயரமான கான்கிரீட் கூம்பு எப்படி நிற்கிறது? ஒரு தாளை எடுத்து மேசைமேல் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். உடனே சாய்ந்துவிடும். அதே தாளை விசிறிபோல மடித்து, வளைத்து நிறுத்துங்கள். இப்போது நிற்கும், மேலே ஒரு சிறு புத்தகத்தைக்கூட வைக்கலாம். மாரிங்காவின் சுவரும் அப்படி மடிப்பு மடிப்பாக அமைந்ததுதான். மடிப்புதான் அதற்குப் பலம்.

பேராலயம் திறந்து மூன்றே ஆண்டுகளில், 1975 ஜூலையில், பரானா மாநிலத்தைக் கடும் உறைபனி தாக்கியது. காப்பித் தோட்டங்கள் ஒரே இரவில் கருகின. ஊரை உருவாக்கிய பயிரே போய்விட்டது. விவசாயிகள் பலர் சோயாவுக்கும் கோதுமைக்கும் மாறினார்கள். நிலத்தைவிட்டு வெளியேறியவர்களும் ஏராளம். காப்பியின் செழிப்பில் எழுந்த கூம்பு மட்டும் அப்படியே நின்றது.

கீழே ஆலயம், மேலே அலுவலகம்

இப்போது சிகாகோவுக்கு வருவோம். 1920களில் அந்நகரின் மையப் பகுதியில் நிலத்தின் விலை எகிறிக்கொண்டிருந்தது. பல சபைகள் இடத்தை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போயின. அங்கிருந்த மெதடிஸ்ட் சபை வேறு வழியை யோசித்தது. நகர மையத்தைவிட்டுப் போகாமல், அதே இடத்தில் ஒரு வானளாவிய கட்டடத்தை எழுப்பியது. கீழ்த்தளங்களில் ஆலயம், அதற்கு மேலே வாடகைக்கு விடும் அலுவலகங்கள், உச்சியில் கோத்திக் பாணிக் கூர்ங்கோபுரம். 1924இல் முடிந்த இந்தக் கட்டடத்தின் உயரம் 173 மீட்டர். 1952இல் கூர்ங்கோபுரத்தின் அடிப்பகுதியில் ஒரு சிறு வழிபாட்டுக் கூடத்தையும் அமைத்தார்கள்.

இது தேவாலயமா, அலுவலகக் கட்டடமா? தேவாலயம் என்றால் மாரிங்கா இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். அலுவலகம் என்றால், உள்ளே ஞாயிறுதோறும் நடக்கும் வழிபாட்டை என்னவென்று சொல்வது? உயரமான தேவாலயங்களின் பட்டியல்களில் பலவும் சிகாகோ டெம்பிளைச் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் தனிக் குறிப்போடுதான் சேர்க்கின்றன. ஆனால் அந்தச் சபையினருக்கு இது பட்டத்துக்கான போட்டியே அல்ல. ஏழைகளும் தொழிலாளர்களும் நடமாடும் நகர நடுவில் நிலைத்திருக்க அவர்கள் கண்ட வழி அது. அலுவலக வாடகைதான் அதற்குத் துணைநின்றது.

நியூயார்க்கிலும் இதே காலமாற்றத்தைப் பார்க்கலாம். வால் ஸ்திரீட்டின் முனையில் உள்ள டிரினிட்டி தேவாலயம் 1846இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் 86 மீட்டர் கோபுரம் நெடுங்காலம் அந்நகரின் வானத்தை ஆண்டது.  1890இல் ஒரு நாளிதழின் அலுவலகக் கட்டடமும் அதை முந்தியது. மின்தூக்கியும் எஃகுச் சட்டகமும் வந்த பிறகு, உயரம் வணிகத்தின் கைக்கு மாறிவிட்டது.

பிறகு தேவாலயங்களும் அதே எஃகைக் கையில் எடுத்தன. 1930இல் திறக்கப்பட்ட ரிவர்சைட் தேவாலயம், வெளியே பார்த்தால் பிரான்சின் சார்த்ர் பேராலயத்தை நினைவூட்டும். உள்ளே எஃகுச் சட்டகம். 119 மீட்டருக்கும் சற்று அதிகமான அதன் கோபுரத்தில் வகுப்பறைகளும் அலுவலகங்களும் உள்ளன. உச்சியில் 74 மணிகள். 1967 ஏப்ரல் 4ஆம் தேதி, மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரை எதிர்த்துத் துணிச்சலாக உரையாற்றியது இங்கேதான். சரியாக ஓராண்டு கழித்து, அதே தேதியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கோபுரமே இல்லாத 67 ஆண்டுகள்

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரம் 1882இல் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. தலைநகர் புவெனஸ் ஐரிஸ் தனி மாவட்டமானதால், மாநிலத்துக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. நகரின் நட்டநடுவில் பெரிய பேராலயம் ஒன்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1884இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடத்தில் வானைத் தொடும் இரண்டு கோபுரங்கள் இருந்தன.

ஆனால் 1932இல் பேராலயம் திறக்கப்பட்டபோது அந்தக் கோபுரங்கள் இல்லை. அவ்வளவு எடையை அடித்தளம் தாங்குமா என்ற சந்தேகம்தான் காரணம். செங்கல் சுவருக்குமேல் பூசுவதாக இருந்த வெளிப்பூச்சும் கைவிடப்பட்டது. மொட்டையாக நின்ற கட்டடத்தைப் பார்த்தே இரண்டு தலைமுறையினர் வளர்ந்தார்கள். திட்டத்தை வழிநடத்திய பெத்ரோ பெனுவா 1897லேயே இறந்துவிட்டார்.

1990களின் இறுதியில் அடித்தளத்தை வலுப்படுத்திய பிறகே வேலை மறுபடி தொடங்கியது. 1999இல் இரண்டு கோபுரங்களும் 112 மீட்டர் உயரத்தில் எழுந்து நின்றன. அடிக்கல்லிலிருந்து கணக்கிட்டால் 115 ஆண்டுகள்!

'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1932இல் அவசரப்பட்டுக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திறப்பு விழா தேதி நெருங்கும்போது, 'இப்போது வேண்டாம், தரை தாங்குமா தெரியவில்லை' என்று சொல்ல ஒரு பொறியாளருக்குத் துணிவு வேண்டும். அந்தச் சொல்லுக்குச் செவிசாய்க்க ஊருக்கும் பொறுமை வேண்டும்.

ஈக்வடாரின் கீட்டோ நகரில் கதை வேறு மாதிரி. அங்குள்ள தேசிய நேர்ச்சிப் பேராலயத்தின் அடிக்கல் 1892இல் நாட்டப்பட்டது. அதன் கோபுரங்கள் 115 மீட்டர். 1988இல் அது அர்ப்பணிக்கப்பட்டாலும், வேலை முழுவதும் முடியவில்லை என்றே சொல்கிறார்கள். அது முடிந்தால் உலகமே முடிந்துவிடும் என்பது உள்ளூர் நம்பிக்கை! ஐரோப்பியப் பேராலயங்களில் விசித்திர விலங்குகள் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், இங்கே ஈக்வடாரின் ஆமைகளையும் உடும்பு போன்ற இகுவானாக்களையும் செதுக்கியிருக்கிறார்கள். கடன் வாங்கிய பாணியில் சொந்த மண்ணின் உயிர்களைக் காண்பது தனி அழகு.

தீயா, நிலநடுக்கமா?

இந்தக் கதைகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது கொலம்பியாவின் மனிசாலெஸ். ஆண்டிஸ் மலைமுகட்டில் அமைந்த நகரம். அடிக்கடி நிலம் அதிரும் இடம். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த பழைய ஆலயம் நிலநடுக்கங்களில் சேதமடைந்தது. கனமான சுவர் குலுங்கினால் விரிசல் விடும், இடியும். எடை கூடக்கூட, நிலநடுக்கத்தின்போது கட்டடத்தைத் தாக்கும் விசையும் கூடும். இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் நியூட்டனின் இரண்டாம் விதிதான் இது.

எனவே ஊர்மக்கள் எடை குறைந்த பொருள்களைத் தேடினார்கள். மரம், மூங்கில், களிமண் ஆகியவற்றால் வீடுகள் கட்டினார்கள். பேராலயத்தையும் மரத்தால் எழுப்பினார்கள். நிலம் அதிர்ந்தால் மரம் வளைந்து கொடுக்கும். அறிவார்ந்த முடிவு.

ஆனால் மரம் எரியும். 1925இல் நகர மையத்தின் பெரும்பகுதி தீயில் அழிந்தது. 1926 மார்ச்சில் மற்றொரு தீ, பேராலயத்தையும் விழுங்கியது.

இப்போது என்ன செய்வது? மரத்தில் கட்டினால் தீ; கல்லில் கட்டினால் நிலநடுக்கம். அவர்கள் தேர்ந்தெடுத்தது இரும்புக் கம்பிகள் பதித்த கான்கிரீட். அழுத்தத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுவிசையைக் கம்பி தாங்கும். அந்த வட்டாரத்துக்கு அப்போது அது புதிய தொழில்நுட்பம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜூலியன் போல்ட்டியின் வரைபடத்தின்படி, 1928 முதல் 1939வரை வேலை நடந்தது. நடுக்கோபுரம் 100 மீட்டரைத் தாண்டியது.

சோதனை 1962இல் வந்தது. பெரும் நிலநடுக்கத்தில், மூலையில் இருந்த சிறு கோபுரங்களில் ஒன்று இடிந்து விழுந்தது. 1979இல் மறுபடியும் ஒரு நிலநடுக்கம், மறுபடியும் சேதம். ஆனாலும் நடுக்கோபுரம் நின்றது. விழுந்த கோபுரத்தையும் பின்னர் கட்டிமுடித்தார்கள். இன்று சுற்றுப்பயணிகள் அந்த உயரத்துக்கு ஏறி, சுற்றியுள்ள மலைகளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

முழுப் பாதுகாப்பு தரும் பொருள் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் தான் கடைசியாகப் பட்ட அடியிலிருந்து பாடம் கற்றது. அடுத்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. அதற்காக மனிசாலெஸ் மக்கள் கட்டுவதை நிறுத்தவில்லை. சேதத்தை ஆராய்ந்து, திருத்திக் கட்டினார்கள். பொறியியல் என்ற துறை வளர்ந்ததும் இப்படித்தான்.

கட்டடக் கலை, பொறியியல், வரலாறு என்று எந்தத் துறையில் படித்தாலும், 'உலகிலேயே உயரமானது' என்று தொடங்கும் செய்திகள் நம் கைப்பேசியில் வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த முறை அப்படி ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எதிலிருந்து எதுவரை அளந்தார்கள்? செலவு யாருடையது? அடியில் உள்ள தரை எப்படிப்பட்டது? எண்ணை மனப்பாடம் செய்வதைவிட இந்த மூன்றுக்கும் விடை தேடுவதில்தான் சுவை அதிகம். வினாடி வினா நடுவரிடம் வாதாடவும் அது உதவும்.