டாக்டர் ஆக எந்த குரூப் எடுக்க வேண்டும்?

ஏற்காடு மலையில் பெய்யும் மழை வாணியாறாக இறங்கி வருகிறது. அந்த ஆற்றின் அணைக்குப் பக்கத்து ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. கரும்பு விளையும், மஞ்சள் விளையும், மரவள்ளியும் விளையும்.

பெரிய நோய் வந்தால் மஞ்சவாடிக் கணவாயைத் தாண்டிச் சேலம் போக வேண்டும். இல்லாவிட்டால் தர்மபுரி போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், "என் பிள்ளை டாக்டராக வேண்டும்" என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் என்ன ஆச்சரியம்?

ஐந்து நிமிட வேலை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தகப்பனார் பிள்ளையை அழைத்துக்கொண்டு பிளஸ் ஒன் சேர்க்கப் பள்ளிக்கூடம் போகிறார்.

"எந்த குரூப் வேணும்?" என்று ஆசிரியர் கேட்கிறார்.

"எனக்கு என்ன சார் தெரியும்? நீங்களே பார்த்துப் போடுங்க!"

பையனைக் கேட்டால், சிநேகிதன் எடுத்த குரூப்பைச் சொல்கிறான்.

ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பையன் டாக்டராக முடியுமா, முடியாதா என்பதில் பாதி அந்த ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது!

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் இந்த அவசரம் இல்லை. அங்கே முதலில் நாலு வருஷம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்குவார்கள். அதன் பிறகுதான் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போடுவார்கள். பட்டம் சரித்திரத்திலும் இருக்கலாம், சங்கீதத்திலும் இருக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்களையும் கூடவே படித்திருந்தால் போதும். தனியாக ஒரு நுழைவுத்தேர்வும் உண்டு.

ஹரால்ட் வார்மஸ் என்பவர் படித்தது ஆங்கில இலக்கியம். எம்.ஏ. பட்டமும் அதில்தான் வாங்கினார். பிறகு டாக்டராக ஆசை வந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அவரை இரண்டு தடவை வேண்டாம் என்றது. கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சிக்காக 1989-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது!

அவர் பாப்பிரெட்டிப்பட்டியில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதினைந்து வயதில் இலக்கியத்தின் பக்கம் போனவர், போனவர்தான்.

நம் நாட்டு வழக்கம்

நம் நாட்டில் பிளஸ் டூ முடித்ததும் எம்.பி.பி.எஸ். சேரலாம். படிப்பு நாலரை வருஷம்; அதன்மேல் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. டிகிரி வாங்கிவிட்டு வர வேண்டியதில்லை. ஆகவே அமெரிக்கப் பிள்ளை கல்லூரியில் எடுக்கும் முடிவை, நம் பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே எடுத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது 1978-ல். அதற்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் பட்டணத்துக்குப் போய், கல்லூரியில் பி.யூ.சி. படித்தார்கள். பாடம் எது என்ற கேள்வி அங்கேதான் வந்தது. இப்போது அந்தக் கேள்வி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது.

கணக்கு வேண்டுமா?

நீட் தேர்வில் மூன்றே பாடங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல். 2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விகள். மொத்தம் 720 மார்க். அதில் சரிபாதி, அதாவது 360 மார்க், உயிரியலுக்கு. கணக்குக்கு ஒரு மார்க்கூட இல்லை! தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் குறையும்.

டாக்டர் படிப்பு ஒன்றுதான் குறி என்றால், தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப் போதும். கணக்கின் பாரம் இல்லை. ஆனால் 2025-ல் நாடு முழுவதும் 22 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். எல்லோருக்கும் இடம் ஏது? கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தவன், டாக்டர் இடம் தவறினாலும் என்ஜினீயரிங் போகலாம். கணக்கில் பயம் இல்லாத பிள்ளைக்கு இதுவே மேல். கணக்கைக் கண்டால் காய்ச்சல் வரும் பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவன் பிறகு மனம் மாறினால்? முன்பெல்லாம் கதவு சாத்தப்பட்டிருந்தது. 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு வழி திறந்தது. பிளஸ் டூ முடித்த பிறகும் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறி, நீட் எழுதலாம். வழி இருக்கிறதே தவிர, சுலபமான வழி அல்ல. இரண்டு வருஷப் பாடத்தைத் தனியாகப் படிக்க வேண்டும்.

தமிழிலேயே நீட் எழுதலாம். தமிழைக் கேட்டவர்களுக்குக் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் முடிவு. ஆகவே தமிழில் படிக்கும் பிள்ளை, பாடத்தில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

விளையாட்டு, தொண்டு

அமெரிக்காவில் மார்க் மட்டும் போதாது. ஆஸ்பத்திரியில் தொண்டு செய்தாயா, ஆராய்ச்சியில் உதவினாயா என்றெல்லாம் கேட்பார்கள். இங்கே அப்படிக் கேட்பதில்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. மற்றவர்களுக்கு மார்க்தான் எல்லாம்.

அதற்காகத் தொண்டு வீண் என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் ஜூனியர் ரெட்கிராஸில் சேர்ந்து, காயத்துக்குக் கட்டுப் போடக் கற்ற பிள்ளைக்கு ஒன்று தெரிந்துவிடும்: ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறதா, இல்லையா? ஐந்தரை வருஷப் படிப்பில் இறங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது லாபம்தானே!

ஆறாம் வகுப்பிலேயே!

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. குரூப் எடுப்பதற்கும் முன்னால், பதினொரு வயதிலேயே ஒரு முடிவு நடந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2020-ல் ஒரு சட்டம் வந்தது. மாநில அரசு நிரப்பும் மருத்துவ இடங்களில் நூற்றுக்கு ஏழரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. ஆயிரம் இடம் என்றால் 75 இடம். இவர்களும் நீட் எழுதித் தேற வேண்டும். ஆனால் போட்டி இவர்களுக்குள்ளேயேதான். அதற்கு முந்தைய வருஷங்களில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருஷமே 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் பணத்தை அரசே கட்டும் என்றும் அப்போதே அறிவித்தார்கள்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கடன் வாங்கி ஆறாவதில் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, ஒன்பதாவதில் முடியாமல் அரசுப் பள்ளிக்குத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ! அந்தப் பிள்ளைக்கு இந்த ஏழரை சதவீதம் கிடையாது. ஏழைதான், அரசுப் பள்ளிதான், ஆனாலும் கிடையாது.

பக்கத்திலேயே தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனுப் போடும்போது, ஆறாவது முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தான் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வைத்துவிட்டால், கடைசி நேரத்தில் பழைய பள்ளிக்கு அலைய வேண்டியதில்லை.