ஊரையே முறுக்காகப் பிழியலாம்: ஜிபிஎஸ் ஓவியம் எப்படி இயங்குகிறது?

திருப்பூரின் வரைபடத்தைக் கைபேசியில் விரித்து, தெருக்களுக்குள் ஒரு மீனோ பறவையோ தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் அந்தத் தெருக்களிலேயே நடங்கள். நடந்த தடம் திரையில் படமாக விழும். இதுதான் ஜிபிஎஸ் ஓவியம். முறுக்கு பிழியத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

அச்சும் மாவும்

அச்சை அழுத்தினால் மாவு அறுபடாமல் இறங்கும். கை சுற்றுகிறபடி முறுக்கு அமையும். இங்கே அச்சு, உங்கள் கைபேசி. நடையைப் பதியும் செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை புள்ளியாகக் குறித்து, புள்ளிகளைக் கோடாக இணைக்கிறது.

அந்தப் புள்ளியைத் தருவது, சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இடத்தையும் ஓயாமல் அறிவிக்கும். அந்தச் செய்தி வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து கைபேசி தொலைவைக் கணக்கிடுகிறது. இடம் அறிய மூன்று தொலைவுகள். கைபேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவு 300 மீட்டர் தவறிவிடும்.

கை நடுக்கம்

2000 மே மாதம் வரை, பொதுமக்கள் பெறும் சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. பிழிகிற கையை யாரோ ஆட்டிவிட்ட மாதிரி, இடம் 100 மீட்டர் வரை விலகும். அது நின்ற பிறகுதான் இந்தக் கலை வளர்ந்தது. இங்கிலாந்தில் ஜெரமி வுட் தடங்களால் படம் வரைந்தார். ஜப்பானில் யாசுஷி தகாஹாஷி நாடு முழுக்கப் பயணித்து, தன் காதலிக்கான திருமண வேண்டுகோளையே எழுதினார். 7,163.7 கி.மீ. நீண்ட அந்தத் தடம் 2010இல் கின்னஸ் சாதனையானது.

இன்று திறந்த வெளியில் பிழை சுமார் 5 மீட்டர்தான். உயர்ந்த சுவர்களில் சமிக்ஞை பட்டுத் திரும்பும் சந்துகளில் கோடு நெளியும். அதனால் படத்தின் நுணுக்கமான பகுதியைக் காதர்பேட்டை மாதிரி நெருக்கமான இடத்தில் வைக்காதீர்கள். சுற்றுகள் நெருங்கினால் முறுக்கு ஒட்டிக்கொள்ளும். பத்து மீட்டர் இடைவெளியில் ஓடும் இரு தெருக்களும் திரையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

அறுபடாமல் சுற்ற

பதிவை நிறுத்தி வேறிடத்தில் தொடங்கினால், பல செயலிகள் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிடும். எனவே படம் ஒரே கோடாக இருப்பது நல்லது. பறவையின் அலகுக்கோ கண்ணுக்கோ ஒரு முட்டுச்சந்துக்குள் போய், அதே வழியில் திரும்பினால் போதும். கோட்டின் மேலேயே கோடு விழும்.

திருப்பூரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொய்யல் ஆறும் ரயில் பாதையும் ஊரை மேற்கு கிழக்காக வெட்டிச் செல்கின்றன. பாலம் உள்ள இடத்தில்தான் கடக்க முடியும். ஆகவே படத்தை ஒரு பக்கமாகவே வையுங்கள். இல்லையென்றால் பாலத்தையே பறவையின் கழுத்தாக்கிவிடுங்கள்.

கண்ணுக்கு இதமான வழி வேண்டுமானால் ஊத்துக்குளி சாலைப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2024இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் அது. அங்கே வானம் திறந்திருப்பதால் கோடும் சுத்தமாக விழும்; குளிர்காலமென்றால் வலசைப் பறவைகளையும் பார்க்கலாம்.

ஊருக்குள் நடக்க ஏற்றது ஞாயிறு காலை. பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை, தெருவில் வண்டிகள் குறைவு. முந்தைய நாளே வரைபடத்தில் பென்சிலை எடுக்காமல் ஒருமுறை வரைந்து பாருங்கள். எந்தச் சந்து மறுபக்கம் திறக்கும், எது கம்பெனி கேட்டில் போய் முடியும் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. அதை நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். படம் கோணலாக வந்தாலும், தினம் வண்டியில் கடந்துபோகிற ஊர் அன்றைக்கு உங்களுக்குப் பழகியிருக்கும்.