பிடித்து வைத்தவன்மீது பாசம்: அது நோயா?

ஆளைக் கடத்தி அடைத்து வைத்தவன்மீது அடைபட்டவருக்கே ஓர் ஒட்டுதல் வருவதை ‘ஸ்டொக்ஹோம் சிண்ட்ரோம்’ என்கிறோம். சினிமாவிலும் பத்திரிகையிலும் அடிபட்டு அடிபட்டு, இன்று அது வைத்தியப் பெயர் போலவே ஆகிவிட்டது. ஆனால் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டிலும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலிலும் சரி, இப்படியொரு நோய் இல்லை. அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது?

வங்கியில் ஆறு நாள்

1973 ஒகஸ்ட் 23 காலை, சுவீடன் தலைநகர் ஸ்டொக்ஹோமில் ஒரு வங்கிக்குள் யான் எரிக் ஓல்சன் என்பவன் துப்பாக்கியோடு நுழைந்தான். நான்கு ஊழியர்கள் பணயமானார்கள்; மூவர் பெண்கள். முப்பது இலட்சம் குரோனர் பணமும், சிறையிலிருந்த கிளார்க் ஓலொஃப்சன் என்ற கூட்டாளியும் வேண்டுமென்றான். கூட்டாளியை அரசாங்கம் கொண்டுவந்து விட்டது. பணயக்காரரோடு வெளியே போக மட்டும் விடவில்லை.

ஊழியர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க் பிரதமர் உலொஃப் பால்மேயோடு டெலிபோனில் கதைத்தார். கொள்ளைக்காரரைவிட, பொலிஸார் பாய்ந்து வந்து சுடுவதுதான் தனக்குப் பயம் என்றார். அவர்களோடேயே தங்களைப் போக விடும்படி கேட்டார். ஒகஸ்ட் 28இல் பொலிஸார் பெட்டக அறையின் கூரையைத் துளைத்து வாயு அடித்தார்கள். பணயமானவர் எல்லோரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பொலிஸுக்கு ஆலோசனை சொன்ன மனநல வைத்தியர் நில்ஸ் பெயரோட், இந்த ஒட்டுதலுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார்.

கவனியுங்கள்: கிறிஸ்டின் குறை சொன்னது பொலிஸாரை. பெயர் வைத்தது பொலிஸாரின் ஆலோசகர். அந்தப் பெயர் வந்தபிறகு அவருடைய குறை ஒரு குற்றச்சாட்டாக அல்ல, நோயின் அறிகுறியாகவே கேட்கப்பட்டது. ‘அவ சொல்றத விடுங்க, மனசு சரியில்ல’ என்று தள்ளிவிட முடிந்தது. பிற்காலத்தில் அவரே இந்தப் பெயரை மறுத்தார். உயிர் தப்பத்தான் அப்படி நடந்தேன் என்றார்.

ஒட்டுதல் வருவது எப்படி?

அதே வங்கியில் பணயமாயிருந்த ஆணைக் காலில் சுடப்போவதாக ஓல்சன் சொன்னான், பொலிஸாரைப் பயமுறுத்தத்தானாம். கடைசியில் சுடவில்லை. காலில் மட்டும்தான் சுடுவேன் என்றானே, எவ்வளவு நல்லவன் என்று அந்நேரம் தோன்றியதை அந்த மனிதர் பிறகு சொன்னார். விஷயம் இதற்குள்தான் இருக்கிறது. உயிரை எடுக்கக்கூடியவன் எடுக்காமல் விடும்போது, அந்த விடுதலே உபகாரமாகத் தெரிகிறது. சாப்பாடு, தண்ணீர், மலசலகூடம் போக அனுமதி எல்லாம் அவன் கையில். அவனுடைய முகம் பார்த்து நடப்பவர் தப்புகிறார். நாள் முழுக்க நடிக்க யாராலும் முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக நடிப்பு உணர்வாகவும் ஆகிவிடும்.

ஒஸ்ரியாவின் நட்டாஷா கம்புஷ் 1998இல் பத்து வயதில் கடத்தப்பட்டார். 2006இல் தானே தப்பினார். அன்றே கடத்தியவன் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்காக அவர் துக்கப்பட்டதும் உலகம் உடனே ‘சிண்ட்ரோம்’ என்றது. அவர் ஏற்கவில்லை. எட்டு வருடம் தன்னை அடைத்து வைத்திருந்த மனிதனோடு ஏதோவொரு சாதாரண உறவைத் தேடியது நோயல்ல, பிழைக்கும் வழி என்பது அவர் வாதம்.

மறுபக்கம்

‘நோய் என்று சொன்னால் பாதிக்கப்பட்டவருக்கு அனுதாபமும் சிகிச்சையும் கிடைக்குமே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பத்தொன்பது வயது பற்றீஷியா ஹேர்ஸ்ட்டைப் பாருங்கள். 1974 பெப்ரவரியில் அமெரிக்காவில் கடத்தப்பட்டார். ஏப்ரலில் கடத்தியவர்களோடு சேர்ந்து வங்கிக் கொள்ளையில் நின்றார். அவருடைய மனமே மாற்றப்பட்டது என்று வைத்திய நிபுணர்கள் சாட்சி சொல்லியும் 1976இல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். ஜனாதிபதி கார்ட்டர் 1979இல் தண்டனையைக் குறைத்தார். கிளின்டன் 2001இல் மன்னிப்புக் கொடுத்தார். மனம் பாதிக்கப்பட்டது என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. நீதிமன்றம் பார்க்கவேண்டியது மிரட்டலின் அளவை. அடைபட்டவரின் மனக்கோளாற்றை அல்ல.

சிகிச்சைக்கும் இந்தப் பெயர் தேவையில்லை. வெளியே வந்தபிறகு தூக்கமின்மை, திடுக்கிடல், யாரையும் நம்ப ஏலாமை என்று தொடர்ந்தால் அதற்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய் என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. நீண்டகாலக் கொடுமையால் வருகின்ற அதன் சிக்கலான வடிவத்தையும் ஐ.சி.டி.யின் 11ஆம் பதிப்பு சேர்த்திருக்கிறது. மருந்தும் ஆலோசனையும் காயத்துக்கு. ஒட்டுதல் காயமல்ல, காயத்தைத் தாங்க மனம் பிடித்துக்கொண்ட ஊன்றுகோல். பாதுகாப்பு வந்தபிறகும் அதை விட முடியாதவருக்கு உதவி தேவைதான், அவசரமில்லாத உதவி.

இது வங்கிக் கொள்ளையோடு முடிகின்ற கதையுமல்ல. அடிக்கிற கணவனை விட்டு வராத பெண்ணிடம், ‘அவன்ட்ட அப்படி என்ன பாசம்?’ என்று கேட்கிறோம். போக இடமுண்டா, கையில் காசுண்டா, பிள்ளைகளை யார் பார்ப்பார், போனால் அவன் என்ன செய்வான் என்று முதலில் கேட்கவேண்டும். இவற்றுக்குப் பதில் கிடைக்குமுன் அவளுக்கு நோயின் பெயர் வைப்பது, அடித்தவனை விசாரணையிலிருந்து தப்பவிடுவதாகவே முடியும்.